கால்குலேட்டர் காட்டும் தொகையும் கைக்கு வரும் பணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதம் 5,000 ரூபாய் சேமித்தால் 20 ஆண்டுகளில் எவ்வளவு கிடைக்கும், 10,000 ரூபாய் சேமித்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற அட்டவணைகள் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றைப் படிப்பவர்களில் பலர் உடனே கைப்பேசியை எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஐ.பி. (பலரின் பணத்தைத் திரட்டிப் பங்கு போன்றவற்றில் போடும் மியூச்சுவல் ஃபண்டில் தவணையாகப் பணம் கட்டுவது) கால்குலேட்டர், ஆர்.டி. (வங்கியிலோ அஞ்சலகத்திலோ மாதத் தவணையாகச் சேர்க்கும் தொடர் வைப்பு) கால்குலேட்டர், ஓய்வுக்கால கால்குலேட்டர் போன்றவற்றில் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். சேலம் செவ்வாய்பேட்டையில் சிறு வெள்ளிப் பட்டறைகளுக்கும், அம்மாப்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பங்கள் சிலவற்றுக்கும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சிலருக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வரவு செலவுக் கணக்கோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கைப்பேசித் திரையையும் நீட்டி, “இந்தத் தொகை வருமா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருப்பதாலும், அதில் நாளிதழ்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று உறுதியாக நம்புவதாலும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கால்குலேட்டர்களை நான் குறை கூறவில்லை. எங்கள் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பிலேயே ‘வாழ்வியல் கணிதம்’ என்ற அலகில் கூட்டு வட்டி வந்துவிடுகிறது. ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு அதைத் தன் சொந்தப் பணத்துக்குப் போட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. தாளில் அரை மணி நேரம் பிடிக்கும் கணக்கை ஒரு நொடியில் முடித்துத் தருவதால், பாதியில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்தவர்கூட இன்று தன் சேமிப்பைப் பற்றிக் கணக்குப் பார்த்து யோசிக்க முடிகிறது. இது பெரிய நன்மை. என் கவலையெல்லாம் அந்தத் திரையில் இருக்கும் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது. ‘எதிர்பார்க்கும் வருமானம்’ என்று குறிக்கப்பட்டிருக்கும் அந்தக் கட்டத்தில், நாம் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் 12 சதவீதம் என்ற எண் நிரப்பப்பட்டிருக்கிறது. மாதத் தவணையை மாற்றுகிறார்கள், ஆண்டுகளை மாற்றுகிறார்கள்; அந்த 12-ஐ மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

அதை மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் போட்டால் நம் கையிலிருந்து போவது 12 லட்சம் ரூபாய். 12 சதவீத வருமானம் என்று வைத்தால் கால்குலேட்டர் 49 லட்சத்து 96 ஆயிரம் ரூபாய் அளவில் காட்டும். 10 சதவீதம் என்று வைத்தால் 38 லட்சத்து 28 ஆயிரம். 8 சதவீதம் என்றால் 29 லட்சத்து 65 ஆயிரம். மேலிருந்து கீழே நாலே நாலு சதவீதம்தான்; விளைவில் 20 லட்சம் ரூபாய் போய்விடுகிறது. 12-க்குப் பதில் 11 என்று ஒரே ஒரு சதவீதம் குறைத்தாலும் 6 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் குறைகிறது. அதாவது, ஃபண்டை நடத்தும் நிறுவனம் பிடித்துக்கொள்ளும் செலவு ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தால், நாம் கட்டும் 12 லட்சத்தின் பாதியைவிடப் பெரிய தொகை அந்த ஒரு சதவீதத்தாலேயே நமக்குக் குறைந்துவிடுகிறது.

ஒரு பட்டறையில் கொலுசுக்கு மெருகு போடும் இளைஞர் ஒருவர் அண்மையில் தன் கைப்பேசியைத் தராசுக் கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு செயலிகளை மாற்றி மாற்றித் திறந்து காட்டினார். இரண்டிலும் ஒரே தவணை, ஒரே 20 ஆண்டுகள், ஒரே 12 சதவீதம். ஒன்று 49 லட்சத்து 96 ஆயிரம் என்றது. இன்னொன்று ஏறத்தாழ 46 லட்சம் என்றது. “அண்ணா, இதுல எது பொய் சொல்லுது?” என்று கேட்டார். இரண்டுமே பொய் சொல்லவில்லை. முதல் செயலி 12-ஐ 12 மாதங்களால் வகுத்து, மாதம் ஒரு சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. மாதம் ஒரு சதவீதம் கூட்டு வட்டியாகப் பெருகினால் ஆண்டு முடிவில் அது 12.68 சதவீதம் ஆகிவிடும். இரண்டாவது செயலி ஆண்டு முடிவில் சரியாக 12 சதவீதம் வரும்படி, மாதத்துக்கு 0.949 சதவீதம் அளவில் எடுத்துக்கொள்கிறது. கணக்கு முறையில் இருக்கும் இந்தச் சிறு வேறுபாடே 20 ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாயாகிறது. எந்த முறையில் கணக்கிட்டோம் என்பதை இரண்டு செயலிகளுமே திரையில் சொல்லவில்லை. மியூச்சுவல் ஃபண்டின் கடந்த கால வருமானங்கள் வழக்கமாக ஆண்டுக் கூட்டு வளர்ச்சியாகவே சொல்லப்படுவதால், அதோடு பொருந்துவது இரண்டாவது முறைதான் என்பது என் கருத்து. அதே திரையில் வட்டமான ஒரு படமும் இருந்தது: நாம் போட்ட பணம் கால் பங்கு அளவுக்கு வெளிர்நிறத்தில், ‘லாபம்’ முக்கால் பங்கு அளவுக்கு அடர்நிறத்தில். அந்த முக்கால் பங்குக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை என்பதை அந்தப் படத்தைப் பார்க்கும் எவராலும் அறிந்துகொள்ள முடியாது.

எதிர்பார்த்தது வராவிட்டால் ஏமாற்றம்தானே, அதில் என்ன கெடுதல் என்று சிலர் நினைக்கலாம். உண்மையான கெடுதல் இன்றைக்கே நடக்கிறது. தாராளமான வருமானத்தைக் கட்டத்தில் போடுகிறவர் குறைவாகச் சேமிக்கிறார். அதுதான் இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. ஒரு தகப்பனார் தன் மகளின் மேற்படிப்புக்கு இன்றைய விலையில் 10 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அதற்கு இன்னும் 15 ஆண்டுகள் இருக்கின்றன என்றும், கல்விச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்றும் வைத்துக்கொள்கிறார். அப்படியானால் அவருக்கு அப்போது தேவைப்படுவது 31 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய். 12 சதவீதம் கிடைக்கும் என்று நம்பினால் கால்குலேட்டர் அவரை மாதம் சுமார் 6,290 ரூபாய் கட்டச் சொல்லும். 8 சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்தால் மாதம் சுமார் 9,100 ரூபாய் கட்டச் சொல்லும். 12-ஐ நம்பி 6,290 ரூபாயே கட்டிவந்து, நடப்பில் 8 சதவீதம் மட்டும் கிடைத்தால், மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் கையில் இருப்பது 21 லட்சத்து 90 ஆயிரம். ஏறக்குறைய 10 லட்சம் ரூபாய் பற்றாக்குறை. அதைச் சரிசெய்ய அப்போது அவகாசமும் இருக்காது. நகையை அடகு வைப்பதோ, கல்விக் கடன் வாங்குவதோ அல்லாமல் வேறு வழி தோன்றாது. குறைந்த வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டவருக்கோ, சந்தை நன்றாகப் போனால் மிச்சம்தான்.

பங்குச் சந்தை ஆண்டுதோறும் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதைக் கால்குலேட்டரின் வழவழப்பான கோடு மறைத்துவிடுகிறது. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 20,287 புள்ளிகள் அளவில் இருந்தது. 2008 இறுதியில் 9,647-க்கு இறங்கியது. 2013 இறுதியில் 21,170 என்ற அளவில் இருந்தது. பங்கு ஈவுத்தொகையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஆறு ஆண்டுகளில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2020 ஜனவரியில் 42,000-ஐ ஒட்டி இருந்த அதே குறியீடு மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது, பிறகு மீண்டது. மாதாமாதம் போட்டு வந்தவர்களுக்கு இறக்கக் காலத்தில் மலிவாக யூனிட்டுகள் (ஃபண்டில் நமக்குக் கிடைக்கும் அலகுகள்) கிடைத்தன என்பதும் உண்மையே. ஆனால் பணம் தேவைப்படும் ஆண்டு இறக்கத்தில் மாட்டிக்கொண்டால் சராசரிக் கணக்கு அவருக்கு உதவாது. ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்துக்கு எஸ்.ஐ.பி. கால்குலேட்டரைத் திறக்கவே வேண்டாம், ஆர்.டி. கால்குலேட்டரைத் திறங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். அஞ்சலகத்தின் ஐந்தாண்டு ஆர்.டி.யில் 6.7 சதவீத வட்டிக்கு மாதம் 10,000 ரூபாய் போட்டால் 7 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது. தொடங்கும்போது இருக்கும் வட்டி வீதம் முடியும்வரை மாறாது. இங்கே கால்குலேட்டர் சொல்வதும் கைக்கு வருவதும் ஒன்றே.

விலைவாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து வரும் 50 லட்சத்தை இன்றைய 50 லட்சமாகவே எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்ற கனவும் இன்றைய விலையிலேயே ஓடுகிறது. பணவீக்கத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6 சதவீதம். 4 சதவீதமாகவே இருந்தால், அந்த 49 லட்சத்து 96 ஆயிரம் இன்றைய மதிப்பில் 22 லட்சத்து 80 ஆயிரம். 6 சதவீதம் என்றால் 15 லட்சத்து 58 ஆயிரம். கட்டிய 12 லட்சத்தைவிடக் கூடுதல்தான். ஆனாலும் திரையில் பெரிய எழுத்தில் மின்னும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. சில கால்குலேட்டர்களில் ‘பணவீக்கத்தைச் சேர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது எங்கோ கீழே, அணைந்த நிலையில் கிடக்கிறது. அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

வரியையும் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2024 ஜூலை 23 முதல், பங்குசார் ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பெறும் ஆதாயத்துக்கு, ஓர் ஆண்டில் 1 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதியில் 12.5 சதவீதம் வரி. மேலே சொன்ன உதாரணத்தில் ஆதாயம் 37 லட்சத்து 96 ஆயிரம். முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் எடுத்தால் வரிக்கு மேல் விதிக்கப்படும் செஸ் நீங்கலாகவே ஏறத்தாழ 4 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய் வரி வரும். சில ஆண்டுகளாகப் பிரித்து எடுத்தால் குறையும். வங்கி எஃப்.டி. (நிலை வைப்பு) வட்டியோ அவரவர் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 7 சதவீத வட்டி என்பது கையில் 5.6 சதவீதம்தான். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் மார்ச் மாதம் தோறும் இதைச் சொல்லிச் சொல்லி வருகிறேன்.

இந்தக் கால்குலேட்டர்களில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் தனிப்பட்ட சங்கடம் ஒன்று உண்டு. பெருநகரத்து மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்தே அவை செய்யப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஒரே தொகை கைக்கு வரும், அதில் ஒரு பங்கு தவறாமல் சேமிப்புக்குப் போகும் என்ற எண்ணத்தின் மேல்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. வெள்ளி விலை சட்டென்று ஏறினால் கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். பட்டறையில் அந்த மாதம் கூலி பாதியாகும். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு வரத்து இருக்கும் மாதங்களில்தான் முழு வேலை. ஏற்காட்டில் சேர்வராயன் மலையின் காப்பிப் பழம் பறிப்பு ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அதைத் தொட்டு மிளகு வரும். பிறகு அடுத்த பறிப்புவரை தோட்டத்துக்குச் செலவு மட்டுமே. இவர்களைப் பார்த்து மாதம் 5,000 ரூபாய் கட்டுங்கள் என்றால் நான்கு மாதம் கட்டுவார்கள், ஐந்தாவது மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிடும், அதற்கு வங்கி அபராதம் பிடிக்கும். பிறகு ‘நமக்கெல்லாம் இது ஒத்துவராது’ என்று நிறுத்திவிடுவார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பணம் பார்ப்பவர்கள் ஆண்டுக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மாதம் 5,000-க்குப் பதிலாக ஆண்டின் தொடக்கத்தில் 60,000 ரூபாயை ஒரே தவணையாக 20 ஆண்டுகள் போட்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 48 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய் வரும். ஆண்டு முடிவில் போட்டால் 43 லட்சத்து 23 ஆயிரம். பறிப்புப் பணம் வந்த கையோடு போடுவதற்கும், செலவெல்லாம் போக மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த பறிப்பை ஒட்டிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. விளைச்சல் பொய்த்த ஆண்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார். அதையும் கால்குலேட்டரில் பார்க்கலாம். 20 ஆண்டுத் திட்டத்தில் முதல் மூன்று ஆண்டுகளின் மாதத் தவணைகள் விடுபட்டால், அதே 12 சதவீத மாதக் கணக்கில், 49 லட்சத்து 96 ஆயிரம் 33 லட்சத்து 40 ஆயிரமாகச் சுருங்கிவிடும். கடைசி மூன்று ஆண்டுகளின் தவணைகள் விடுபட்டால் குறைவது 2 லட்சத்து 18 ஆயிரம் ரூபாய் அளவுதான். இரண்டிலும் கட்டாமல் விட்ட தொகை 1 லட்சத்து 80 ஆயிரமே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘இருக்கட்டும், கொஞ்ச நாள் போகட்டும்’ என்று தள்ளிப்போடும் இளைஞர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும். கால்குலேட்டரின் ஆகச் சிறந்த பயன் இதுதான் என்று சொல்வேன்.

இன்னொரு நல்ல பயனும் இருக்கிறது. அதை மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள். ஒரு திட்டத்தின் முதிர்வுத் தொகையிலிருந்து பின்னோக்கிப் போய், அது உண்மையில் எத்தனை சதவீத வட்டி தருகிறது என்று கண்டுபிடிக்கலாம். எக்ஸ்செல்லில் ‘எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.’ என்ற கணக்கு இதற்காகவே இருக்கிறது; இணையத்திலும் அதே பெயரில் கால்குலேட்டர்கள் கிடைக்கின்றன. பணம் கொடுத்த தேதியையும் தொகையையும், பணம் திரும்பி வந்த தேதியையும் தொகையையும் போட்டால் போதும். ஒருவர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் 12 ஆண்டுகள் கட்டி, 20-ஆவது ஆண்டின் முடிவில் 12 லட்சம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘6 லட்சம் கட்டினால் 12 லட்சம், அப்படியே இரண்டு மடங்கு’ என்று சொல்லி இதை விற்பார்கள். கணக்குப் போட்டால் வருமானம் ஆண்டுக்கு 4.8 சதவீதம் அளவில்தான் வருகிறது. இதில் ஆயுள் காப்பீடும் சேர்ந்திருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. என்றாலும் வாங்குகிறவருக்கு இந்த 4.8 என்ற எண் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். ஏலச்சீட்டுக்கும் இதே வழிதான். எந்த மாதம் எவ்வளவு தள்ளுக்குச் சீட்டை எடுத்தோம், மாதாமாதம் எவ்வளவு கட்டினோம் என்று எழுதி வைத்திருந்தால், அந்தச் சீட்டு நமக்குச் சேமிப்பாக இருந்ததா, வட்டிக்கு வாங்கிய கடனாக இருந்ததா என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். நகைக் கடைகளில் 11 மாதம் கட்டினால் 12-ஆவது தவணையைக் கடை போடும் என்ற திட்டத்தில் கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 1.45 சதவீதம் என்று வருகிறது. பார்வைக்கு மிக நல்ல வருமானம். ஆனால் அது பணமாகத் திரும்புவதில்லை, நகையாகத்தான் திரும்புகிறது; செய்கூலியும் சேதாரமும் அதில் எவ்வளவு தின்னும் என்பதை எந்தக் கால்குலேட்டரும் கேட்பதில்லை. வங்கி வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஓய்வுக்காலக் கணக்குதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. 60 வயதில் ஓய்வு பெறும் ஒருவர் 50 லட்சம் ரூபாயை 8 சதவீத வருமானத்தில் வைத்து, மாதம் 30,000 ரூபாய் எடுத்தால் எத்தனை ஆண்டு வரும் என்று கால்குலேட்டரைக் கேட்கிறார். மாத வருமானமே 33,333 ரூபாய் ஆவதால் பணம் ஒருபோதும் தீராது என்று அது சொல்கிறது. அவரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். மருந்தும் மளிகையும் அதே விலையில் நிற்கப் போவதில்லை. எடுக்கும் தொகையை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால், அதே 50 லட்சம் ஏறத்தாழ 17 ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அப்போது அவருக்கு 77 வயது. துணைவியார் பெரும்பாலும் அவரைவிட வயதில் இளையவராக இருப்பார். எடுக்கும் தொகையை ஆண்டுதோறும் ஏற்றுவதற்கு இடம் இல்லாத ஓய்வுக்கால கால்குலேட்டரை ஒருவர் பயன்படுத்தாமல் இருப்பதே மேல். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றுக்கும் இந்தப் பார்வை தேவை: 30 லட்சம் ரூபாய் வரை அதில் போடலாம், வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கைக்கு வரும், பாதுகாப்பும் உண்டு, ஆனால் வருகிற வட்டி ஐந்தாண்டுக்கும் ஒரே தொகைதான், ஏறாது.

அரசுத் திட்டங்களுக்கான கால்குலேட்டர்களில் சிக்கல் குறைவு என்றாலும், அங்கேயும் தேதி தெரியாவிட்டால் ஏமாறலாம். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதமாக இருக்கிறது. ஆண்டுதோறும் 1,50,000 ரூபாயை 15 ஆண்டுகள் போட்டால் 40 லட்சத்து 68 ஆயிரம் என்று எல்லாக் கால்குலேட்டர்களும் காட்டுகின்றன. அது ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் முழுத் தொகையையும் போட்டுவிடுபவருக்கான கணக்கு. அந்தத் திட்டத்தில் மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே கணக்கில் இருக்கும் ஆகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆகவே மாதம் 12,500 ரூபாயாக, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் போட்டு வருபவருக்குக் கிடைப்பது 39 லட்சத்து 44 ஆயிரம் அளவில்தான். ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். அரசு இந்த வட்டி வீதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது என்பதையும், 15 ஆண்டுகளுக்கும் 7.1 என்று வைப்பது வெறும் அனுமானமே என்பதையும் ஒரே வரியில் திரையில் சொல்லிவிடலாம்.

இனி என் வேண்டுகோள். ஆயுள் காப்பீட்டு பாலிசி விற்பவர் தர வேண்டிய பலன் விளக்கப் படிவத்தில், உத்தரவாதம் இல்லாத பலன்களை 4 சதவீதம், 8 சதவீதம் என இரண்டு வீதங்களில் காட்ட வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் எவருக்கும் இது உறுதியான தொகை இல்லை என்பது யாரும் சொல்லாமலேயே விளங்கிவிடும். அதே முறையை உங்கள் நாளிதழின் வணிகப் பக்கம் தானாகவே கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எஸ்.ஐ.பி. அட்டவணை போடும்போதெல்லாம் 8, 10, 12 என்று மூன்று வீதங்களில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைய விலை மதிப்பையும் போடுங்கள். மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்பதை அடியில் குறிப்பிடுங்கள். இடம் போதவில்லை என்றால் 12 சதவீதப் பத்தியை எடுத்துவிட்டு 8 சதவீதப் பத்தியை வைத்துக்கொள்வதே நல்லது.

வங்கிகளும் ஃபண்டு நிறுவனங்களும் அந்த வருமானக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பயன்படுத்துகிறவரே ஓர் எண்ணைப் போடும்படி செய்யலாம். விளக்கங்களைத் தமிழில் தரலாம். ‘எதிர்பார்க்கும் வருமானம், உத்தரவாதம் இல்லை’ என்ற சொற்களைத் தொகைக்கு நிகரான அளவு எழுத்தில் தொகைக்குப் பக்கத்திலேயே போடலாம். விடையைக் காட்டுவதற்கு முன்பே கைப்பேசி எண்ணைக் கேட்கும் பக்கங்களை மக்கள் அப்படியே மூடிவிட வேண்டும். கூட்டு வட்டிக் கணக்குக்கு யாருடைய எண்ணும் தேவையில்லை, அந்த எண் கேட்கப்படுவது மறுநாள் அழைத்து எதையாவது விற்பதற்குத்தான். எதையும் விற்காத இடத்தில் கணக்குப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் ‘சாரதி’ செயலியிலேயே கால்குலேட்டர்கள் இருக்கின்றன. உங்கள் வணிகப் பக்கத்தில் இப்படிப்பட்ட இடங்களை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினால் பேருதவியாக இருக்கும்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கென்று, ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ சேமிப்பவர்களின் கணக்கைக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தமிழில் எந்த நாளிதழும் வெளியிட்டு நான் பார்த்ததில்லை. காப்பி, மிளகு, மரவள்ளி, மாம்பழம் என்று பருவத்துக்குப் பணம் பார்க்கும் இந்த மாவட்டத்து வாசகர்களுக்காகச் சேலம் பதிப்பிலாவது அதை வெளியிடுங்கள். விடுபடும் ஆண்டுகளையும் சேர்த்து அந்தக் கணக்குகளைப் போட்டு, ஒவ்வொரு எண்ணையும் இருமுறை சரிபார்த்துக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்கு ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர் ஒருவர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.